பேய் இல்லை அப்பா, பரங்கிக்காய்

கொலம்பஸ், ஒஹையோ
24.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஆவணியில் எழுதிய கடிதத்துக்கே இன்னும் பதில் போடவில்லை என்று முதல் வரியிலேயே குட்டியிருக்கிறீர்கள். சரிதான். வீடியோ காலில் அம்மாவும் தம்பியும் பேசிவிடுகிறார்கள், நீங்கள் காது மிஷினைப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்து சிரிக்கிறீர்கள், அதோடு உங்களுக்கும் எல்லாம் சொல்லியாயிற்று என்று எனக்கு ஒரு நினைப்பு. இனிமேல் மாதம் ஒன்று எழுதுகிறேன்.

இரண்டாவது குட்டுதான் பலமாக விழுந்திருக்கிறது. தீபாவளியும் அதுவுமாகப் பிள்ளைக்குப் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பியிடம் சொல்லிப் படத்தை மறுபடி பாருங்கள். அது பேய் இல்லை அப்பா, பரங்கிக்காய். இவருடைய பழைய ஆரஞ்சு டீ-சட்டைக்குள் துணியை அடைத்து, கீழே நாடா கோத்துக் கட்டி, முன்பக்கம் கறுப்புக் காகிதத்தில் கண்ணும் பல்லும் வெட்டி ஒட்டினேன். கடையில் விற்கிற வேஷமெல்லாம் முப்பது நாற்பது டாலர், ஒரு நாள் போட்டால் தையல் பிரிகிற சரக்கு. அதை எதற்கு வாங்க? அம்மா பார்த்துவிட்டு, புது வீட்டு வாசலில் கட்டுகிற திருஷ்டிப் பூசணி மாதிரி இருக்கிறாள் என்றாளாம். பாப்புவிடம் சொன்னேன். அப்படியென்றால் என்னைப் பார்த்து எல்லாரும் பயப்படுவார்களா என்று கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டாள்.

இங்கே அக்டோபர் 31 ஹாலோவீன், பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிற நாள். இந்த வருஷம் தீபாவளியும் அதே தேதியில் வந்ததற்கு நான் என்ன செய்வேன்! பேய் நாள் என்று நீங்கள் ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். நவம்பர் 1 எல்லாப் புனிதர்களின் நாள், 2 கல்லறைத் திருநாள், நம் தெருக்கோடி ஆரோக்கியம் அத்தை மெழுகுவத்தியும் மாலையுமாகப் போவாரே, அதேதான். இந்த இரண்டு நாளுக்கும் முந்தின ராத்திரி இது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற சமயம், அன்றைக்கு ஆவிகள் உலவும் என்று அயர்லாந்துப் பக்கம் பழைய நம்பிக்கை. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி உள்ளே நெருப்பு வைப்பார்களாம். பிழைக்க இங்கே வந்தவர்களுக்குப் பரங்கிக்காய் கிடைத்தது. பெரியது, குடைவதற்கும் சுலபம். அதையே பிடித்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னது. அவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், நாய்க்கு ஸ்வெட்டர் பின்னுகிறவர். அவர் பாட்டனார் வழி அயர்லாந்தாம். இந்த வருஷம் வாசல் புல்தரையில் பன்னிரண்டு அடி உயர எலும்புக்கூடு ஒன்றை நிறுத்தியிருக்கிறார். பிளாஸ்டிக்தான். விலை முந்நூறு டாலராம், நம் பணத்தில் இருபத்தைந்தாயிரம். நாங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதன் விலா எலும்புதான் தெரியும். ஹாலோவீன் முடிந்தால் கழற்றிவிடுவார் என்று பார்த்தேன். இப்போது அதற்குக் கிறிஸ்துமஸ் குல்லா போட்டாயிற்று. தினமும் காலையில் அதற்குக் குட்மார்னிங் சொல்கிறார், எனக்கும் சொல்கிறார். நல்ல மனுஷி.

அவர் வாசற்படியில் ஒரே ஒரு பரங்கிக்காய்க்கு மட்டும் நீலப்பச்சை வண்ணம் அடித்து வைப்பார். தின்பண்டம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு இந்த வீட்டில் பென்சில், ஸ்டிக்கர் மாதிரி வேறு ஏதாவது கிடைக்கும் என்று அர்த்தம். 2014 முதல் நாடு முழுக்க இந்தப் பழக்கம் பரவியிருக்கிறது. வேர்க்கடலை சாப்பிட்டால் மூச்சு அடைத்துப்போகிற பிள்ளைகள் இங்கே பல பள்ளிக்கூடங்களில் உண்டு. பாப்பு பள்ளிக்கூடத்தில் கடலை, பாதாம், முந்திரி எதுவும் உள்ளே வரக் கூடாது. நீங்கள் சாயங்காலம் அவித்த கடலையோடு அந்தப் பக்கம் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஹாலோவீன் அன்றைக்குப் பாப்பு வகுப்பில் சின்ன விருந்து. யார் யார் என்ன கொண்டுவருவது என்று ஒரு தாள் அனுப்பினார்கள். மிட்டாய் ராத்திரி வாளி வாளியாகச் சேரத்தான் போகிறது, வகுப்புக்குப் பழமாக இருந்தால் நல்லது என்று டீச்சர் குறிப்பு எழுதியிருந்தார். மற்ற அம்மாக்கள் தட்டு, கோப்பை, ஜூஸ் என்று எழுதிவிட்டார்கள். பழத்துக்கு நேராக நான் பெயர் எழுதினேன். பாப்பு பல்லுக்கும் நல்லது. வாழைப்பழம் இங்கே மலிவிலும் மலிவு.

அதிகாலையில் எழுந்தேன். பாப்புவுக்குத் தலையில் மூன்று சொட்டு எண்ணெய் வைத்து, வெந்நீர் ஊற்றி, அம்மா கொடுத்தனுப்பிய லேகியத்தைச் சுண்டைக்காய் அளவு நாக்கில் தடவினேன். முகத்தை அஷ்டகோணலாக வைத்துக்கொண்டாள். வெடி இல்லை. கங்கா ஸ்நானம் ஆச்சா என்று கேட்க ஆள் இல்லாததால் இவரே என்னைக் கேட்டார், நான் அவரைக் கேட்டேன். அதற்கப்புறம் மேஜை முழுக்கப் பழத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். இவர் இப்போது பகலில் வீட்டில்தான் இருக்கிறார். ஆபீசில் வேலை கொஞ்சம் மந்தம், டிசம்பர் நடுவுக்குள் அடுத்தது என்ன என்று தெரிந்துவிடும். எனக்கு ஒத்தாசையாகத்தான் இருக்கிறது.

முதலில் பரங்கிக்காய். இங்கே க்ளமென்டைன் என்று குட்டி ஆரஞ்சு கிடைக்கும், தோல் தொளதொளவென்று கையோடு வந்துவிடும். முழுசாக உரித்து, வெள்ளை நாரையெல்லாம் எடுத்தால் சுளை சுளையாக வரியோடியிருப்பது அச்சு அசல் பரங்கிக்காய்தான். நடுவில் இருக்கிற ஓட்டையில் பச்சைக் காம்பு நட வேண்டும். எல்லாரும் செலரித் தண்டு வைப்பார்கள். அதைக் கட்டாகத்தான் விற்கிறான், மீதியை நம் வீட்டில் யார் தின்பது? வெள்ளரிக்காயைத் தோலோடு குச்சி குச்சியாகச் சீவிச் செருகினேன். பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை.

பேய்க்கு வாழைப்பழம். பாதியாகக் குறுக்கே வெட்டி, வெட்டின பக்கம் கீழே வரும்படி நிறுத்தினால் கூரான முனை தலை. இரண்டு கண், ஒரு வாய். சாக்லேட் துண்டு வைப்பது இந்த ஊர் வழக்கம். நான் கறுப்பு உலர்திராட்சையைக் கத்தரித்து வைத்தேன். மிளகை வைத்தால் உருண்டையாக அழகாக இருக்குமே என்று இவர் கேட்டார். ஆளை ஆப்பிள் பக்கம் அனுப்பிவிட்டேன். வெட்டின பழம் கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாற்றில் ஆரஞ்சுச் சாறு கலந்து விரலால் தடவினேன். எலுமிச்சை மட்டும் என்றால் பிள்ளைகள் புளிக்கிறது என்று துப்பிவிடும்.

ஆப்பிளில் ராட்சச வாய். கால் பாகமாக வெட்டி, தோல் பக்கம் நீளமாக ஒரு பிளவு கீறி எடுத்துவிட்டு, மேலும் கீழும் உரித்த சூரியகாந்தி விதையைக் குத்தினால் பல். ஸ்ட்ராபெர்ரி ஒரு சீவல் செருகினால் நாக்கு. அம்மா வாழைக்காயை நறுக்கி மோர்த் தண்ணீரில் போடுவது போல ஆப்பிளை உப்புத் தண்ணீரில் போட வேண்டும். ஒரு கப் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, பத்து நிமிஷம், அப்புறம் நல்ல தண்ணீரில் ஓர் அலசு. மத்தியானம் வரைக்கும் வெள்ளையாகவே இருந்தது. விதையை ஒவ்வொன்றாகக் குத்துவதில் இவர் அப்படி மூழ்கிப்போனார். கோரைப்பல் வேறு வைத்தார், நீளமான விதையாகப் பொறுக்கி.

திராட்சைக்கு மட்டும் வேஷம் எதுவும் இல்லை. முழுசாகக் கொடுத்தால் சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று நீளவாக்கில் நாலாக வெட்டித்தான் அனுப்ப வேண்டும். ஒரு கிண்ணம் வெட்டுவதற்குள் கை ஓய்ந்துவிட்டது. நாம் ரயிலில் போகும்போது காகிதப் பொட்டலத்தோடு அப்படியே கொடுப்பீர்களே!

வகுப்பில் முதலில் தீர்ந்தது பேய். தலையைக் கடித்துவிட்டேன், தலையைக் கடித்துவிட்டேன் என்று ஒரே கூச்சல். வீட்டில் பழமே தொடாதவன் என்று அவன் அம்மா சொன்ன பையன் ராட்சச வாயை வாங்கி, நாக்கை மட்டும் பிடுங்கித் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டான். அம்மாக்களெல்லாம் சுவரோரம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தட்டு அடுக்குகிற வேலை சரியாக இருந்தது.

ராத்திரி ஆறிலிருந்து எட்டு மணி வரை பிள்ளைகள் வீடு வீடாக வருவார்கள். முன்பின் தெரியாத வீட்டில் உரித்த பழம், வீட்டில் செய்த பண்டம் எதையும் யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் உரிக்காத ஆரஞ்சின் தோல்மேலேயே மார்க்கரால் முகம் வரைந்து கூடையில் வைத்தேன், கூடவே குட்டி அட்டைப்பெட்டி உலர்திராட்சை. நடை பழகுகிற குழந்தைகளுக்கு அந்த முகம் ரொம்பப் பிடித்தது. பெரிய பையன் ஒருவன், முகமூடி போட்டவன், ஓர் ஆரஞ்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பக் கூடையிலேயே வைத்துவிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யார் வந்தால் என்ன, எங்கள் வீட்டு மணி இந்த வருஷம் அன்றைக்குத்தான் அடித்தது, எட்டரைக்குமேல் கூட ஒரு தரம் கதவைத் திறந்து பார்த்தேன். பாப்பு வாளி நிறைய மிட்டாயோடு வந்தாள். ஒரு நாளைக்கு ஒன்று என்று சொல்லி டப்பாவை அலமாரி உச்சியில் வைத்திருக்கிறேன்.

மிஞ்சிய வாழைப்பழம் மறுநாள் கறுத்துவிட்டது. எறிய மனசு வரவில்லை. பிசைந்து, கோதுமை மாவும் வெல்லமும் ஏலக்காயும் போட்டு அப்பம் ஊற்றினேன். எண்ணெயில் முதல் அப்பம் உப்பி எழுந்தபோது வந்த வாசனை இருக்கிறதே அப்பா, அடுப்பை அணைத்துவிட்டேன். கொல்லையில் பேயன் தார் பழுத்தால் அம்மா ஒரு சீப்பைக் கார்த்திகைக்கு என்று ஒதுக்கிவைப்பாள். நாங்கள் எடுக்கக் கூடாது. நீங்கள் மட்டும் எடுத்து எங்கள் மூவருக்கும் கிணற்றடியில் கொடுப்பீர்கள். இங்கே ஒரே சாதி வாழைப்பழம்தான், ஸ்டிக்கர் ஒட்டி வரும், எந்தக் கடையிலும் ஒரே நீளம், ஒரே ருசி. ஐப்பசிக் கடைசி நாள் கடைமுழுக்குக்குக் காவிரிக்கரை லாகடத்துக்குப் போனீர்களா? கூட்டத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டீர்களா? எழுதுங்கள். சின்ன விஷயமாக இருந்தாலும் எழுதுங்கள், யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் எல்லாம்.

கடிகாரத்தை 3-ஆம் தேதி ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். இப்போது உங்களுக்கும் எங்களுக்கும் பத்தரை மணி நேரம். சாயங்காலம் ஐந்தேகாலுக்கு விளக்குப் போட வேண்டியிருக்கிறது. ஹீட்டரை 64 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே வைத்திருக்கிறோம், ரொம்ப ஏற்றினால் தோல் வறண்டுபோகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் வைத்திருந்த வெட்டாத பரங்கிக்காயையெல்லாம் எங்களுக்கே கொடுத்துவிட்டார். இந்த ஊரில் முதல் வாரமே குப்பைக்குப் போய்விடும். நவம்பர் முழுக்க அதில்தான் சாம்பார், கூட்டு, அடை. விதையை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்துவைத்திருக்கிறேன். நம் பரங்கிக்காய் இனிப்பு இதற்கு வராது. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறார்.

சரி, முக்கியமான விஷயம். தம்பி கல்யாணத்தைத் தையிலேயே வைத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வைகாசிக்குத் தள்ள முடியுமா? தையில் பாப்புவுக்கு லீவு கிடைக்காது, இவருடைய விசா பேப்பரும் இப்போது அசைக்க முடியாத இடத்தில் நிற்கிறது. பள்ளிக்கூடம் மே கடைசியில் முடிந்துவிடும், மூவருமாக வரலாம். சம்பந்தி வீட்டில் நேராகக் கேட்காதீர்கள், பெரியப்பாவைவிட்டுக் கேளுங்கள். அவர் சொன்னால் தட்ட மாட்டார்கள்.

மாடிக்குத் தளம் போடுகிற பணம் பொங்கலுக்குள் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். கொத்தனாருக்கு இப்போதே அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டாம். மறுபடி தாழ்வு மண்டலம் என்று செய்தியில் பார்த்தேன். மழை ஓய்ந்து பங்குனியில் போடலாம், அதுதான் நன்றாக நிற்கும் என்று நீங்களே சொல்வீர்கள். அதுவரை கூடத்து மூலையில் அண்டாவை வைத்து, அரிசி மூட்டையை உள்ளறைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்தால் வெளியில் வட்டிக்கு வாங்காதீர்கள். என் ஆரமும் இரட்டை வடச் சங்கிலியும் லாக்கரில் சும்மாதான் இருக்கின்றன. ஆரத்தை பேங்கிலேயே வைத்து நகைக்கடன் எடுங்கள், நான் பிறகு மீட்டுக்கொள்கிறேன். எனக்கு இங்கே அதைப் போட்டுக்கொண்டு போக இடமா இருக்கிறது? அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாம். டிசம்பர் 13-ஆம் தேதி கார்த்திகை தீபத்துக்கு இவர் பெயரில் ஓர் அகல் சேர்த்து ஏற்றச் சொல்லுங்கள். சும்மாதான்.

லாக்கர் சாவி அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் மஞ்சள் பையில் இருக்கிறது. லாக்கர் அம்மா பெயரில்தான், அவளையே கூட்டிக்கொண்டு போங்கள். ஆதார் அட்டையையும் பாஸ் புத்தகத்தையும் மறக்க வேண்டாம். எடை போடும்போது பக்கத்திலேயே நின்று, எத்தனை கிராம் என்று ரசீதில் எழுதி வாங்கித் தம்பியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். திங்கட்கிழமை கூட்டமாக இருக்கும், செவ்வாயும் வேண்டாம், புதன் காலை போங்கள்.

இப்படிக்கு,
அன்பு மகள்