பாப்பாவுக்கு, நைட் டூட்டி முடிஞ்சப்புறம் படிக்க (2024 டிசம்பர்)

பாப்பா, நேத்து போன்ல நீ கேட்டதுக்கு எனக்கு சட்டுனு பதில் வரல, உங்கப்பா வேற பக்கத்துல டிவிய அலற விட்டுட்டு உக்காந்திருந்தாரு, அதான் டைப் பண்ணியே அனுப்பிடுறேன்.

உன் வார்டுல இருக்குற அந்த பிலிப்பைன்ஸ் பொண்ணோட தம்பி கேலக்ஸி லீடர் கப்பல்ல மாட்டிக்கிட்டவன்னு நீ சொன்னதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. போன வருஷம் 2023 நவம்பர் 19, செங்கடல்ல ஏமன் நாட்டு ஆயுதக் குழு ஹவுதிக்காரங்க ஹெலிகாப்டர்ல வந்து எறங்கி புடிச்சது, கார் ஏத்துற கப்பல், மொத்தம் 25 பேரு, அதுல 17 பேரு அவங்க ஊரு பசங்க. சண்டை காஸாவுல, கப்பல்ல இஸ்ரேல் முதலாளிக்கு பங்கு இருக்குன்னு இவங்களுக்கு கோவம், மாட்டுனது சம்பளத்துக்கு போன புள்ளைங்க. ஏமன்ல ஹொதைதா துறைமுகம் பக்கம் கொண்டு போய் நிறுத்தி, ஊர் ஜனம் ஏறி சுத்திப் பாத்து போட்டோ எடுத்துக்கிட்டாங்களே, அந்த வீடியோவெல்லாம் இவ பாத்திருப்பால்ல. தம்பி வேலை பாத்த டெக்ல எவனோ செல்ஃபி எடுக்குறான். எப்படித்தான் தாங்குனாளோ.

அவகிட்ட என்ன பேசுறதுன்னு கேட்ட. "கண்டிப்பா வந்துருவான்"னு மட்டும் சொல்லாத. 2014ல ஈராக்ல மொசூல்ல நம்ம நாட்டு கட்டட வேலைக்காரங்க 40 பேர ஐஎஸ் தீவிரவாதிங்க புடிச்சிட்டுப் போனாங்க, தப்பிச்சு வந்த ஒரு பையன் மத்த 39 பேரையும் சுட்டுட்டாங்கன்னு சொல்லியும், சாட்சி இல்லாம அப்படி சொல்ல முடியாதுன்னு கவர்மென்ட்ல சொல்லிட்டே வந்தாங்க, பொண்டாட்டி புள்ளைங்க காத்துக்கிட்டே இருந்தாங்க, கடைசில 2018 மார்ச்ல டிஎன்ஏ டெஸ்ட்ல தெரிஞ்சு பார்லிமென்ட்ல அறிவிச்சாங்க. நெறைய வீட்டுக்கு டிவிய பாத்துத்தான் தெரிஞ்சிருக்கு. அதனால நமக்குத் தெரியாததுக்கு நாம வாக்கு குடுக்கக் கூடாது.

அதுக்காக "மனச தேத்திக்கோ"ன்னு சொல்றதும் வேண்டாம், அது இன்னும் மோசம். நம்ம சிவகங்கை மாவட்டத்துக்காரர் அலெக்சிஸ் பிரேம் குமார் ஃபாதர் ஞாபகம் இருக்கா, இங்க இலங்கை அகதிகளுக்கு வேலை செஞ்சுட்டு ஆப்கானிஸ்தான் போனவரு. 2014 ஜூன் 2, ஹெராத் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்த பாக்கப் போன எடத்துல கடத்திட்டுப் போயிட்டாங்க. நம்ம கோயில்ல வாராவாரம் மன்றாட்டுல அவர் பேர சொல்வோம். நாலஞ்சு மாசம் போனதும் சில பேருக்கு சலிப்பு, இனிமே பொதுவா எல்லாருக்கும்னு வேண்டிக்கலாமேன்னாங்க. பின்னாடி உக்காருமே ஒரு பெரியம்மா, பேர சொல்லாம விட்டா யாருக்கு வேண்டுறோம்னு ஆண்டவருக்கு எப்படிய்யா தெரியும்னு சண்டைக்கே வந்துருச்சு. எனக்கு ஒரே சிரிப்பு, ஆனா பேரு நிக்கல. 2015 பிப்ரவரி 22, தவக்காலத்துல மொத ஞாயிறு, விட்டுட்டாங்கன்னு பிரதமரே ட்விட்டர்ல போட்டாரு. நாங்க வேண்டுனதால வந்தாருன்னு நான் சொல்ல மாட்டேன், யாரு யாருகிட்ட பேசுனாங்களோ. ஆனா அந்த எட்டு மாசமும் அந்தக் குடும்பம் தனியா கெடக்கல.

இன்னொன்னு, வதந்தி. அவள அதுகிட்ட இருந்து காப்பாத்து. இதே ஏமன்ல, ஏடன்ல அன்னை தெரசா சிஸ்டருங்க நடத்துன முதியோர் இல்லத்துல 2016 மார்ச்ல புகுந்து நாலு சிஸ்டரோட சேத்து 16 பேர கொன்னுட்டு கேரளாக்காரர் டாம் உழுன்னாலில் ஃபாதர தூக்கிட்டுப் போனாங்கல்ல, அந்த பெரிய வெள்ளிக்கு அவர சிலுவைல அறைஞ்சுட்டாங்கன்னு உலகம் பூரா பரவுச்சு. நம்ம வாட்ஸ்அப் குரூப்லயும் வந்துச்சு, கண்ணீர் பொம்மை போட்டு ஃபார்வேர்ட் பண்ணவங்க ஒருத்தரும் அப்புறம் அது பொய்னு போடல. மனுசன் 2017 செப்டம்பர்ல தாடியும் எலும்புமா உசுரோட வந்தாரு, ஓமன்காரங்க பேசி வாங்கிக் குடுத்தது. அவரோட சொந்தக்காரங்க அந்த பொய்ய படிச்சுட்டு எத்தன ராத்திரி தூங்காம இருந்திருப்பாங்க, சொல்லு.

அவ போன்ல நியூஸ் தேடிட்டே இருந்தான்னா, நீ வாங்கிப் பாத்து எது நெசம்னு சொல்லு. தம்பி சின்ன வயசுல பண்ண சேட்டையெல்லாம் கேளு, "இருந்தான்"னு பேசிறாத, "இருக்கான்"னே பேசு. கப்பல் கம்பெனி அவன் சம்பளத்த வீட்டுக்கு ஒழுங்கா அனுப்புதான்னும் கேளு, இத யாரும் கேக்க மாட்டாங்க, வெக்கப்பட்டு அவளும் சொல்ல மாட்டா. இல்லன்னா நீ கொஞ்சம் குடு, நமக்கு இந்த மாசம் குறைச்சு அனுப்பு, பரவால்ல, அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.

அப்புறம் அவன் பேர தமிழ்ல எப்படி எழுதறதுன்னு வாய்ஸ்ல சொல்லி அனுப்பு. கிறிஸ்மஸ் ராப்பூசைக்கு எழுதிக் குடுக்கணும், ஃபாதர் 20ம் தேதிக்கு மேல வாங்க மாட்டாராம்.

அம்மா