வீடு இன்னும் கைக்கு வரலைங்க மாமா

லெஸ்டர்
செப்டம்பர் 28

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்க நாலு பேரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி இப்ப தேவலையா? ஆழியாத்துத் தண்ணி விட்டாச்சா, ரெண்டாம் போகத்துக்கு நாத்து விட்டீங்களான்னு அடுத்த தடவை பேசறப்ப சொல்லுங்க.

போன ஞாயித்துக்கிழமை நீங்க கேட்டதுக்குப் போன்ல என்னால சரியாப் பதில் சொல்ல முடியலை. "விஷு கழிஞ்ச கையோட வெலை பேசி முடிச்ச வீடு, ஓணமும் போயிருச்சு, இன்னும் ரிஜிஸ்டர் ஆகலைன்னா அந்தத் தரகன் என்னதான் பண்றான்?"னு கேட்டீங்க. அதுக்குள்ள அம்மா போனை வாங்கி, தோப்பு வித்த பணம் போச்சான்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க. பணம் எங்கயும் போகலைங்க மாமா. எங்க பேர்ல வங்கியிலதான் இருக்கு. தரகர் கைக்கு இங்கத்துப் பணத்துல ஒரு பவுன்கூடப் போகலை. இதை முதல்ல அம்மாகிட்டச் சொல்லிருங்க. மிச்சத்தை விவரமா எழுதறேன். நிலத் தரகு பண்ணியே தலை நரைச்சவர் நீங்க, உங்களுக்குத்தான் இது புரியும்.

இங்க தரகர்னா தனி ஆள் கிடையாது. கடைவீதியில கண்ணாடி போட்ட ஆபீஸ், ஜன்னல் பூரா வீட்டு போட்டோ, உள்ள கம்ப்யூட்டர் முன்னாடி நாலஞ்சு பேர். எஸ்டேட் ஏஜென்ட்னு பேரு. இந்தத் தொழிலுக்கு இங்கிலாந்துல பரீட்சையும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. கமிஷன் விக்கிறவங்ககிட்ட மட்டும்தான் வாங்குவாங்க, அதுவும் பெரும்பாலும் சாவி கைமாறின பிறகு. நம்ம கொழிஞ்சாம்பாறையில ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கறீங்க, அதனால ரெண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லியாகணும். இங்க வாங்கறவன் கேள்விக்குப் பதில் சொல்லலைன்னா அவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வியாதியோட வேரு அங்கதான் இருக்குன்னு நான் நினைக்கறேன்.

இதுக்கு முன்னாடி ஒரு வீடு பிடிச்சிருக்குன்னு போட்டோ அனுப்பினேனே, பின்னாடி ஆப்பிள் மரம் நின்னது. அதுக்கு வெலை சொல்லி எழுதிக் கொடுத்தோம். சாயங்காலத்துக்குள்ள கூப்பிடறோம்னாங்க. கூப்பிடலை. நாங்க கூப்பிட்டா, "அவர் வெளியில வீடு காட்டப் போயிருக்கார், வந்ததும் பேசச் சொல்றேன்"னு ஒரு பொண்ணு இனிமையாச் சொல்லும். மெயில் போட்டா, கிடைச்சுதுன்னு தானா ஒரு பதில் வரும், அப்பறம் ஒண்ணும் வராது. ஒரு நாள் ராத்திரி டியூட்டி முடிச்சு பஸ்ல வர்றப்ப, வீடு விக்கிற விளம்பரம் போடற ரைட்மூவ் வெப்சைட்ல தேடறேன், அந்த வீட்டு போட்டோ மேல "விற்றாச்சு"ன்னு பட்டை ஒட்டியிருக்கு. வாங்கறவர் சொல்ற வெலையை உடனே எழுத்துல விக்கிறவருக்குத் தெரிவிக்கணும்னு 1991-லயே இங்க விதி போட்டிருக்காங்க. எங்க வெலை அந்த வீட்டுக்காரங்க காதுக்குப் போச்சா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

இப்ப வாங்கற வீடு வேற ஏஜென்ட். முதல் தடவை வீட்டைக் காட்ட வந்தது ஒரு பையன், இருபத்திரண்டு வயசு இருக்கும், இரும்பு வளையத்துல ஒரு கொத்துச் சாவி. பின்பக்கப் படுக்கையறையில ஜன்னலுக்குக் கீழ சுவத்துக் காகிதம் ஓரமாப் பெயர்ந்து நின்னது. நான் விரலை வெச்சுப் பார்த்தேன், சில்லுன்னு ஈரம், நகத்துல சுண்ணாம்பு ஒட்டுச்சு. "தண்ணி எங்கிருந்து இறங்குது?"ன்னு கேட்டேன். "கேட்டுச் சொல்றேன்"னான். பாய்லர் கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணினாங்கன்னு இவர் கேட்டார். அதுக்கும் "கேட்டுச் சொல்றேன்". ரெண்டுக்கும் பதிலே வரலை. அப்பறம் ஐந்நூறு பவுனுக்கு மேல செலவு பண்ணி சர்வேயர் வெச்சோம். இங்க சர்வேயர்னா எல்லைக்கல் அளக்கறவர் இல்லைங்க மாமா, கட்டடத்தோட குறை பார்த்து அறிக்கை எழுதறவர். ரெண்டு ஊசி நீட்டின சின்னக் கருவியைச் சுவத்துல அழுத்தி ஈரம் அளந்தார், அப்பறம் வெளிய போய் மேல பார்த்தார். கூரைத் தண்ணி ஓடற குழாய்ல எலை அடைச்சு, மழைத்தண்ணி செங்கல் மேலயே வழியுது. ஏணி வெச்சு அள்ளிப்போட்டாத் தீர்ற வேலை. அது தெரியறதுக்கு முந்தி அஸ்திவாரமே போச்சோன்னு இவர் தூக்கமில்லாம கிடந்தார். வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு போன் போட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

வெலை ஒத்துக்கிட்டதோட நம்ம ஊர்ல அட்வான்ஸ் கொடுத்து கரார் எழுதிருவோம், ரெண்டு பக்கமும் கட்டுப்பட்டாச்சு. இங்க அப்படி இல்லை. "ஒப்பந்தத்துக்கு உட்பட்டது"ன்னு ஒரு வரி போட்டு வெச்சிருப்பாங்க. வக்கீல்கள் எல்லாத்தையும் பார்த்து முடிச்சு, ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கிற வரைக்கும் யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவங்க இல்லை. நாளைக்கே ஒருத்தர் கூடுதல் வெலை சொன்னா விக்கிறவங்க அங்க போகலாம், சட்டம் தடுக்காது. நம்ம கரார் மாதிரியான கட்டு அந்த ஒப்பந்தம் மாத்தற நாள்லதான் விழுது, பத்து சதவீதம் கட்டறதும் அன்னைக்குத்தான். அதுவரைக்கும் சர்வேயர், வக்கீல், நம்ம நகராட்சி மாதிரி இருக்கற கவுன்சில்ல எடுக்கற தேடல் ரிப்போர்ட்டுன்னு எல்லாச் செலவும் எங்க கையை விட்டு. கிளாஸ்கோவுல இருக்கற நம்ம வண்ணாமடைப் பொண்ணு சொல்றா, ஸ்காட்லாந்துல வீட்டோட அறிக்கையை விக்கிறவங்களே முதல்ல எடுத்துக் காட்டணுமாம், கட்டுப்பாடும் சீக்கிரமே வந்துருமாம். ஒரே நாட்டுக்குள்ள ரெண்டு வழக்கம்.

இப்படி எந்தக் கட்டும் இல்லாம மாசக்கணக்காத் தொங்கறப்ப, மனுசனுக்கு வேண்டியது தாக்கல், என்ன ஆச்சுங்கற சேதி, அது ஒண்ணுதானுங்க மாமா. அதுதான் வரலை. "எப்ப ஒப்பந்தம் மாத்தலாம்?"னு கேட்டா, "எல்லாம் நல்லபடியாப் போயிட்டிருக்கு"ன்னு பதில். என்ன போயிட்டிருக்குன்னு கேட்டா, மறுபடி "கேட்டுச் சொல்றேன்".

ஆகஸ்ட் கடைசியில ஜன்னல் திரைக்கு அளவு எடுக்கணும்னு நேரம் வாங்கிப் போனோம். ஏஜென்ட் ஆள் வரலை, வீட்டுக்கார அம்மாவே கதவைத் திறந்தாங்க. எழுபது தாண்டின அம்மா, தனியா இருக்காங்க. முதல்ல முகம் குடுத்தே பேசலை. இவர் அளவு எடுத்து முடிச்சதும் மெதுவாக் கேட்டாங்க: "உங்களுக்கு லோன் கிடைக்கலையாமே, அதனாலதான் தள்ளிப்போகுதாமே?" எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. எங்க லோன் ஜூன்லயே பாஸ் ஆயிருச்சு, கடிதத்தைப் போன்ல எடுத்துக் காட்டினேன். அந்தம்மா அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாங்க. அப்பறம்தான் உண்மை வெளிய வந்தது. அவங்க கடலோரத்துல மக வீட்டுக்குப் பக்கத்துல மாடியில்லாத ஒரு வீடு வாங்கறாங்க. அந்த வீட்டுக்காரர் இறந்துட்டார், பிள்ளைங்க விக்கிறாங்க. புரோபேட், அதாவது இறந்தவர் சொத்தை விக்கக் கோர்ட்டு குடுக்கற அனுமதிக் காகிதம், வராம அவங்களால விக்க முடியாது. அது வராம இந்தம்மா போக முடியாது, இந்தம்மா போகாம நாங்க வர முடியாது. இப்படிக் கோத்துக் கிடக்கறதை இங்க சங்கிலின்னுதான் சொல்றாங்க. அந்தம்மாவோட மக இதையெல்லாம் ஜூன் மாசமே ஏஜென்ட் ஆபீஸ்ல சொல்லியிருக்கா. கோடை பூரா அவங்களுக்கு எல்லாம் தெரியும். எங்ககிட்ட "நல்லபடியாப் போகுது", அந்தம்மாகிட்ட "வாங்கறவங்க லேட் பண்றாங்க".

தாமதம் ஆனதுக்கு எனக்குக் கோபம் இல்லைங்க. ஒருத்தர் செத்துப்போன வீட்டுல காகிதம் வர நாளாகும், அது யாருக்கும் புரியும். ஒரு வயசான அம்மாவும் நாங்களும் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டுக்கிட்டு ஒரு கோடையைக் கழிச்சோமே, அதைத்தான் என்னால மன்னிக்க முடியலை.

வேலந்தாவளத்துல கிழக்கால வீட்டுக்காரங்க பூமி வித்தப்ப நடந்தது ஞாபகம் இருக்குங்களா? திருப்பூர்ல இருந்த தம்பி கையெழுத்துப் போட வரலைன்னு தெரிஞ்சதும் நீங்க அந்த ராத்திரியே டிவிஎஸ்ல போய், "நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வராதீங்க, வேலையைக் கெடுத்துக்காதீங்க"ன்னு வாங்கறவங்க வாசல்ல நின்னு சொல்லிட்டு வந்தீங்க. நான் அப்ப பிளஸ் டூ. அத்தை சோத்தை மூடி வெச்சுட்டுத் திட்டிக்கிட்டே இருந்தாங்க. ஆதாரம், அதான் கிரயப் பத்திரம், மலையாளத்துல எழுதியிருந்தா, வாங்கறவங்க பக்கத்துல உக்காந்து வரி வரியாப் படிச்சுத் தமிழ்ல சொல்வீங்க. குடிக்கடம்ங்கற வில்லங்கச் சான்று, நிலத்துக்குக் கரம் கட்டின ரசீது, பேர் மாத்தின போக்குவரவு எல்லாத்தையும் விரிச்சுக் காட்டி, வில்லங்கம் இருந்தா இருக்குன்னே சொல்வீங்க. தரகுன்னா தாக்கல் கொண்டுபோறதுன்னு உங்களைப் பார்த்துத்தான் நான் நினைச்சிருந்தேன். இங்க சாவியை மட்டும் கொண்டுபோறாங்க.

எங்க வக்கீலம்மாவும் வேகம் இல்லைதான். ஆனா மெயில் போட்டா ரெண்டு நாள்ல "புதுசா ஒண்ணும் இல்லை, வந்ததும் சொல்றேன்"னு ஒரு வரி வந்துரும். அந்த வரியைப் படிச்சுட்டு நான் நிம்மதியா டியூட்டிக்குப் போவேன்.

இதனால எங்களுக்கு ஆகற கஷ்டம் சின்னது இல்லைங்க. லோன் கடிதம் ஆறு மாசத்துக்குத்தான் செல்லும், டிசம்பர்ல காலாவதி. மறுபடி போட்டா வட்டி கூடுமான்னு தெரியாது. வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் குடுக்க முடியலை. பெரியவனுக்கு அடுத்த வருஷம் ஏழாம் வகுப்பு, வேற பள்ளிக்கூடம் மாறணும். அக்டோபர் 31-க்குள்ள விண்ணப்பம் போடணும், எங்க கவுன்சில்ல ஒப்பந்தம் மாத்தின காகிதம் இருந்தாத்தான் புது விலாசத்தை ஏத்துக்குவாங்க. ஜூன்லயே தெரிஞ்சிருந்தா, இப்ப இருக்கற விலாசத்துக்குக் கிட்ட இருக்கற பள்ளிக்கூடங்களைப் போய்ப் பார்த்திருப்போம்.

சும்மா இருக்கலை. அந்த ஏஜென்ட் ஆபீஸுக்கு எழுத்துல புகார் குடுத்தாச்சு. இங்க ஒவ்வொரு ஏஜென்டும் புகார் விசாரிக்கிற அமைப்பு ஒண்ணுல சேர்ந்திருக்கணும்னு சட்டம் இருக்கு. முதல்ல ஆபீஸுக்கே எழுதணும், எட்டு வாரத்துல தீரலைன்னா அங்க போகலாம். வாராவாரம் வெள்ளிக்கிழமை ஒரு மெயில் போடறேன்னு மேனேஜர் ஒத்துக்கிட்டார். கொஞ்ச நாள் வந்தது, அப்பறம் நின்னுபோச்சு. எட்டு வாரம் முடிஞ்சதும் மேல போறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். பணம் கிடைக்கும்னு இல்லை, அடுத்து வர்றவங்களுக்காவது பதில் கிடைக்கணும். வீட்டுக்கார அம்மாவும் நாங்களும் நம்பர் மாத்திக்கிட்டோம், நேரடியாவே பேசிக்கறோம். போன வாரம் அவங்களே கூப்பிட்டு, புரோபேட் வந்துருச்சாம்னு சொன்னாங்க. ஏஜென்ட் இன்னும் சொல்லலை.

இப்ப உங்களால ஆக வேண்டியது சிலது இருக்குங்க மாமா.

அப்பா தோப்பு வித்த பணத்துக்கு வக்கீலம்மா கணக்குக் கேக்கறாங்க. அந்த ஆதாரத்தோட நகல், அதை இங்கிலீஷ்ல மாத்தி நோட்டரி முத்திரை வெச்சது, பணம் வந்த மாசத்து அப்பாவோட வங்கி ஸ்டேட்மென்ட், அப்பா பாஸ்போர்ட் நகல், எல்லாம் வேணும். கூடவே, "இந்தப் பணம் மகளுக்கு அன்பளிப்பாக் குடுத்தது, திருப்பித் தர வேண்டாம், வீட்டுல எனக்குப் பங்கு வேண்டாம்"னு அப்பா கையெழுத்துப் போட்ட கடிதம். வாசகம் இங்கிலீஷ்ல அனுப்பறேன். அப்பாவுக்கு மனசு கஷ்டப்படாம நீங்கதான் எடுத்துச் சொல்லணும், லோன் குடுக்கற வங்கிக்கு வேண்டித்தான் இது. மீதிப் பணத்தை இப்ப அனுப்ப வேண்டாம். ஒரு வருஷக் கணக்குல 10 லட்சம் தாண்டினா, தாண்டின தொகைக்கு வங்கியில 20 சதவீதம் வரி பிடிச்சு வெச்சுக்குவாங்க, அப்பறம் ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்கணும்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். ஊர் வீட்டுல என் பேருக்கு ஒரு பங்கு எழுதறதா அப்பா சொல்லிட்டிருந்தாரே, அந்தப் பாகபத்திரத்தை நிறுத்தி வைங்க. முதல் வீடு வாங்கறவங்களுக்கு மூணு லட்சம் பவுன் வரைக்கும் இங்க முத்திரைக் கட்டணம் கிடையாது, நம்ம கேரளத்துல மாதிரி எட்டு சதவீதம் இல்லை. நாங்க வாங்கறது 2,85,000 பவுன். ஆனா உலகத்துல எந்த மூலையிலயும் என் பேர்ல வீடு இருக்கக்கூடாது, பங்கு இருந்தாலும் அந்தச் சலுகை போயிரும். போனா குறைஞ்சது 4,250 பவுன் கட்டணும். தோட்டம், பூமி பத்திப் பிரச்சினை இல்லை, வீடுதான்.

பால் காய்ச்ச நாள் பார்க்க வேண்டாம், டிக்கெட்டும் போட வேண்டாம். ஒப்பந்தம் மாத்தின அன்னைக்கு ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடறேன். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமைதோறும், தாக்கல் இல்லைன்னா இல்லைன்னாவது சொல்றேன். அத்தைக்கும் அப்பாரய்யனுக்கும் என் வணக்கம் சொல்லுங்க. பையனுக ரெண்டு பேரும் உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்