ஐப்பசிக் கண்டம்

மூலனூர்,
மாசி முதல் வாரம்

அன்புள்ள அம்மணி,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தோம். பழைய இரும்பு டிரம், பக்கத்தில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு மாப்பிள்ளை. ஏதோ போரில் ஜெயித்து வந்தவர் மாதிரி நிற்கிறார். அப்பத்தா கறியில் போடுகிற உப்புக்கண்டத்தை அந்த டிரம்மில் போடப் போகிறோம், போனில் சொன்னால் மறந்துபோகிறது, எழுதி அனுப்புங்கப்பா என்று கேட்டிருந்தாய். சரி, எழுதுகிறேன். நடுவில் வேறு பேச்சும் வரும், பொறுத்துக்கொள்.

கொண்டுவந்து கொடுக்க வழியிருந்தால் இந்தக் கடுதாசிக்கே வேலை இல்லை. 2023 ஆடியில் நாங்கள் ஸ்காட்லாந்துக்கு வந்தபோது உங்கம்மா பட்டுச்சேலைக்கு நடுவே முக்கால் கிலோ கண்டம் வைத்திருந்தது உனக்குத் தெரியும். நம் நாட்டில் இருந்து கறி உள்ளே வரக்கூடாது என்று விமான நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள். சட்டம் சட்டம்தான். ஆனால் அந்த அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டு ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தாரே, அந்த முகச்சுளிப்பை உங்கம்மா இன்னும் மன்னிக்கவில்லை. மீனுக்கு 20 கிலோ வரை தடையில்லையாம். அதனால் நெத்திலிக் கருவாடு மட்டும் பத்திரமாகப் பெட்டிக்குள் திரும்பிப் போனது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ சின்ன வயதில் பார்த்தது மாசிக் கண்டம். நோம்பிக்கு வெட்டிய வெள்ளாட்டில் தொடைக்கறியை எடுத்து, கொழுப்பையும் சவ்வையும் ஒட்ட அறுத்துவிட்டு, விரல் நீளத்துக்குக் கீறி, கிலோவுக்கு ஒரு கை கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி, ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் வெடியால கோணி தைக்கிற கோணூசியில் சணல் கோத்து மாலையாகக் கட்டி, வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் கொடி போட்டது. நாலு வெயில் காய்ந்தால் ஒரு கிலோ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பழைய வீடு இருந்தவரை, அதற்கப்புறம்தான் அடுப்புக்கு மேலே அட்டாளிப் பரணில் தொங்கவிட்டது. அங்கே புகைக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஈ, வண்டு அண்டாமல் காவல் காத்தது, கொஞ்சம் வாசமும் கொடுத்தது, அவ்வளவுதான். காய வைத்தது நம் ஊர் வெயில். வறண்ட காற்றும் சேர்ந்து, மூலனூர்க் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லையே சருகாக்கிவிடும். கறி எம்மாத்திரம்?

உன் டண்டியில் அது நடக்காது. ஸ்காட்லாந்திலேயே வெயில் அதிகமான ஊர் இதுதான் மாமா என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார். ஆடி மாதத்தில் ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருந்தது வாஸ்தவம்தான். அதற்காக அதை வெயில் என்று சொல்ல முடியுமா? உங்கம்மா கொடியில் போட்ட துண்டு மூன்று நாளாகியும் ஈரமாகவே கிடந்தது. அந்தக் காற்றில் பச்சைக் கறியைத் தொங்கவிட்டால் காய்வதற்கு முன்னால் கெட்டுவிடும்.

அதனால் நீ போட வேண்டியது ஐப்பசிக் கண்டம். அதை நீ பார்த்திருக்க வழியில்லை. உனக்கு நினைவு தெரிவதற்குள் நாம் பழைய வீட்டை இடித்துவிட்டோம்.

தீவாளிக்கு ஆடு வெட்டினால் அடைமழை பிடித்துக்கொள்ளும். ஒறம்பரை வந்து தின்றது போக மிச்சக் கறியை என்ன செய்வது? ஊரில் யார் வீட்டிலும் ஃபிரிட்ஜ் கிடையாது. அப்போது அப்பத்தாவின் கைப்பாகமே மாறிவிடும். மாசியில் விரல் கனம் என்றால் ஐப்பசியில் பென்சில் கனம். உப்பு போட்டுப் பிசறிய கறியை ஓட்டைப் போட்ட மண்சட்டியில் அடைத்து, மேலே மணைப்பலகை வைத்து, அதன்மேல் அம்மிக் குழவியை ஏற்றிவிடும். ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கும். காலையில் அந்தக் கறியைப் பச்சையாகக் கோக்காது. இரும்புச் சட்டியில் எண்ணெய் இல்லாமல் போட்டு, விட்ட தண்ணீர் சுண்டும்வரை பிரட்டி எடுக்கும். அப்புறம்தான் ஊசி. அதற்கப்புறம் மூன்று நாள், சில சமயம் அஞ்சு நாள், அடுப்பு அணையாது. சமையல் முடிந்தாலும் வெள்வேலங்கட்டை ஒன்று தணலாகக் கிடக்கும், அதன்மேல் ரெண்டு தேங்காய்த் தொட்டி.

எந்த உயரத்தில் கட்டுவது என்பதற்கு அப்பத்தாவிடம் அளவுகோல் ஏது? புறங்கையைத் தூக்கிப் புகைக்குள் காட்டும். "காச்சக்காரன் நெத்தியாட்டம் இருக்கோணும். சுட்டா வெந்துபோயிரும், சில்லுனு இருந்தா நாறிப்போயிரும்" என்று சொல்லும். சூடு கூடினால் சணலை ஒரு முடிச்சு மேலே ஏற்றும். நான் முட்டுக்கால் போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கூரையில் இருந்து மழை ஒழுகும், கீழே இருந்து புகை ஏறும், கறி நாளுக்கு நாள் கறுக்கும். கடைசியில் ஒரு துண்டைப் பிய்த்துப் பார்க்கும். நார் நாராகப் பிரிந்து உள்ளே ஈரம் மினுங்காமல் இருந்தால் பானைக்குள் போகும். மினுங்கினால் திரும்பவும் மேலே.

கால்நடை ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் இதில் எது எதற்கு என்று எனக்குப் புரிந்தது. உப்பு உள்ளே இருக்கிற தண்ணீரை இழுக்கிறது. தண்ணீர் குறைந்தால் கிருமி பிழைக்க முடியாது. புகையில் இருக்கிற பீனால், அமிலமெல்லாம் மேற்புறத்தில் படிந்து கிருமியைத் தடுக்கின்றன, கொழுப்பு சிக்கு வாடை அடிக்காமலும் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் புகை மேல்தோலோடு நின்றுவிடும். உள்ளே காயாத கறியை எத்தனை நாள் புகையில் கட்டினாலும் காப்பாற்றாது. காயவைப்பதற்கு முன்னால் கறியின் உள்சூடு 71 டிகிரி செல்சியஸுக்குப் போக வேண்டும் என்று அமெரிக்க விவசாயத் துறை சொல்கிறது. இரும்புச் சட்டியில் பிரட்டியபோது அப்பத்தா செய்ததும் அதுதான், கையில் தெர்மாமீட்டர்தான் இல்லை.

ஆகவே நீ இப்படிச் செய். கிலோவுக்கு 50 கிராம் உப்பு, ஒரு ஸ்பூன் மஞ்சள். ஒரு ராத்திரி ஃபிரிட்ஜிலேயே பாரம் ஏற்றி வை. மறுநாள் சட்டியில் பிரட்டு. கறி குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் வாங்கிக்கொள், அதில் 71 காட்ட வேண்டும். அப்புறம் ஓவனில் 60, 70 டிகிரியில் ஃபேனைப் போட்டு, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, நன்றாகக் காயவிடு. உன் ஊரில் வெயிலுக்குப் பதில் ஓவன்தான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. டிரம்மும் புகையும் கடைசியில் ரெண்டு மூன்று மணி நேரத்துக்கு. முடிந்ததும் ஃபிரிட்ஜில் வை, அட்டாளியில் வைக்கிறேன் என்று கிளம்பாதே. மிளகாய்த்தூள் இப்போது வேண்டாம், புகையில் கருகிக் கசக்கும்.

கறி என்ன வாங்குவாய்? அங்கே கிடைக்கிற குட்டி ஆட்டுக்கறி கொழுப்பு, இதற்கு ஆகாது. வெள்ளாடு கிடைக்காவிட்டால் மான்கறி வாங்கு. இங்கே அந்தப் பேரைச் சொன்னாலே ஜெயில், அங்கே கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கொழுப்பில்லாத கறி, கண்டத்துக்கென்றே பிறந்தது.

விறகு விஷயத்தில் நீ ஏமாந்துபோகக் கூடாது. உன் வீட்டுக்குப் பின்னால் பைன் மரம் நிறைய இருக்கிறதே என்று அதை வெட்டிப் போட்டுவிடாதே. பிசின் மரம், கறி தார் வாடை அடிக்கும். ஓக், பீச், ஆப்பிள் நல்லது. விஸ்கிப் பீப்பாயை உடைத்த ஓக் சில்லு பொட்டலமாக விற்கிறார்களாம், மாப்பிள்ளை அதைத்தான் வாங்குவார் என்று எனக்குத் தெரியும். எதுவானாலும் காய்ந்த கட்டையாக இருக்கட்டும். ஈரக்கட்டை வெள்ளையாகக் குப்புக்குப்பென்று புகையும், கறி கசக்கும். மெலிசாக, நீலம் ஓடினாற்போல வருகிற புகைதான் வேண்டும். நம் ஊரைக் கெடுத்த சீமைக்கருவேலத்தின் பங்காளி மரத்தை மெஸ்கீட் என்று பேர் வைத்து டெக்சாஸ்காரர்கள் கறி சுடுவதற்கென்றே காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதைப் படித்த அன்று நம் வேலியைப் பார்த்து நெம்ப நேரம் சிரித்தேன்.

அந்த டிரம்மில் பெயிண்டோ துத்தநாகப் பூச்சோ இருந்தால் வேண்டவே வேண்டாம், விஷப்புகை. முன்பு என்ன ஊற்றி வைத்திருந்தார்கள் என்றும் கேட்டுக்கொள்.

ஆர்ப்ரோத் ஊருக்கு நீ கூட்டிப்போனாயே, அந்த மீனை இன்னும் மறக்கவில்லை. தலையை எடுத்த ஹேடாக் மீனை உப்பில் போட்டு, ரெண்டு ரெண்டாக வாலைச் சேர்த்துக் கட்டி, குச்சியில் அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்றாகத் தொங்கவிட்டு, அடியில் தீ எரிகிற பீப்பாயின் வாயை ஈரக்கோணி போட்டு மூடினார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கோணியைத் தூக்கியதும் செம்பு நிறத்தில் மீன். அந்த ஊரைச் சுற்றி எட்டு கிலோமீட்டருக்குள் செய்தால்தான் ஆர்ப்ரோத் ஸ்மோக்கி என்ற பேரைப் போடலாம் என்று 2004இல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறார்கள். அது காயவைக்கிற வழியில்லை. சூட்டிலும் ஆவியிலும் வேகிறது, புகை கூடவே ஏறுகிறது. அதனால் வாங்கிய ரெண்டு மூன்று நாளில் தின்றுவிட வேண்டியதுதான். உப்புக்கண்டம் மாதிரி மழைக்காலம் பூராவும் வைத்துக்கொள்ள முடியாது.

ஊருக்கு வந்து நானும் செய்து பார்த்தேன், உன்னிடம் சொல்லவில்லை. அமராவதி அணை ஜிலேபி மீன் நாலு, பழைய எண்ணெய் டின், ஈரக்கோணி, எல்லாம் சரியாக இருந்தது. வாலைக் கட்ட வாழைநாரை எடுத்தேன், அங்கேதான் கோட்டை விட்டேன். பத்து நிமிஷத்தில் நார் கருகி நாலு மீனும் தீயில் விழுந்தன. ரெண்டைப் பூனை கொண்டுபோனது. அடுத்த வாரம் கம்பியில் கட்டிச் செய்து உங்கம்மாவுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். மென்றுவிட்டு, "மீனுக்குப் பீடி குடிக்கக் கத்துக்குடுத்திருக்கீங்க" என்றாள். முழுசாகத் தின்றாள் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

1998இல் நான்தான் பழைய வீட்டை இடித்தேன். கேஸ் அடுப்பு, மார்பிள் மேடை, வெள்ளைச் சுண்ணாம்பு. அட்டாளி போயிற்று என்று அப்பத்தா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஐப்பசியில் வழக்கம்போலக் கண்டம் போட்டுத் தகரக் கொட்டகையில் தொங்கவிட்டது. பதினைந்து நாளில் பூஞ்சணம் பிடித்து, வண்டு விழுந்து, அவ்வளவையும் குழி தோண்டிப் புதைத்தோம். அதற்கப்புறம் அது ஐப்பசியில் கண்டம் போடவே இல்லை. எனக்கு அந்த வருத்தம் இருக்கிறது. ஆனால் நாற்பது வருஷம் அந்தப் புகையில் நின்று அதற்கு இருமல் வந்ததையும், கண் சிவந்து தண்ணீர் கொட்டியதையும் நான் பார்த்திருக்கிறேன். புது வீட்டில் இருமல் குறைந்தது. இன்னொரு தடவை இடிக்கச் சொன்னாலும் இடிப்பேன். நீயும் டிரம்மை வெளியே காற்றாட வை, முகத்தை உள்ளே விடாதே.

சமைக்கும் விதம் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். அரிசி கழுவிய சுடுதண்ணீரில் கால்மணி ஊறப்போட்டுப் புகைக்கரியைத் தேய்த்துக் கழுவு. உப்பும் கொஞ்சம் இறங்கும். அம்மி இல்லையென்றால் சப்பாத்திக் கட்டையால் தட்டி நாரைப் பிரி. கடலை எண்ணெயில் வரமிளகாய், கறிவேப்பிலை, நாலு கை சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல்லு. கடைசியில் கண்டம், சிறுதீ. உப்பு போடவே போடாதே. பக்கத்தில் அரிசிம்பருப்புச் சோறு இருந்தால் போதும், குழம்பு வேண்டாம்.

அப்பத்தாவின் கோணூசியைத் தேடி எடுத்துவிட்டேன், பழைய சாக்கு மூட்டைக்குள் இருந்தது. உங்கள் டண்டியில் ஒரு காலத்தில் ஊரே கோணி நெய்துகொண்டிருந்தது, சணல் மொத்தமும் வங்காளத்தில் இருந்து கப்பலில் போனது என்று நீதானே அந்த மில்லைச் சுற்றிக்காட்டும்போது சொன்னாய்? ஊசி அந்த ஊருக்கே போகட்டும் என்று பார்சல் கட்டிவிட்டேன். கூட உங்கம்மா கொள்ளுப்பொடியும் வைத்திருக்கிறாள். முனையில் தக்கை குத்தியிருக்கிறேன், ஆனாலும் ஊசி நல்ல கூர். நீ பிரி, மாப்பிள்ளையைப் பிரிக்க விடாதே.

அன்புடன்,
அப்பா