படிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உலக நடப்பைப் படித்துப் பேச மாதம் ஒரு ஞாயிறு என்று 12 கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். நடந்தவை 10. அக்டோபரில் தீபாவளி போனஸ் நெருக்கடி, ஜனவரியில் பொங்கல். திருப்பூரில் இந்த இரண்டு மாதமும் கூட்டம் போட நினைத்ததே என் தவறு.

ஏப்ரல் கூட்டம் செங்கடலைப் பற்றியது. செங்கடலின் தெற்கு வாயிலான பாப் எல் மந்தேப் நீரிணை எங்கே இருக்கிறது என்று கேட்டதும் நானே எழுந்து போய், பாரசீக வளைகுடாவின் வாயிலில் உள்ள ஹோர்முஸ் மேல் விரலை வைத்தேன். சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. நம் சுவரில் தொங்கும் வரைபடத்தில் சோவியத் யூனியன் இன்னும் அப்படியே இருக்கிறது என்பதை அன்றுதான் எல்லோரும் கவனித்தார்கள். 2023 நவம்பரில் ஏமனின் ஆயுதக் குழுவான ஹூதிகள் கேலக்ஸி லீடர் கப்பலைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, பெரும்பாலான கன்டெய்னர் கப்பல்கள் சூயஸை விட்டு, ஆப்பிரிக்காவின் தென்கோடியில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. தூத்துக்குடியில் ஏற்றிக் கொழும்பில் தாய்க்கப்பலுக்கு மாறும் நம் சரக்கு ஐரோப்பா சேர ஏறக்குறைய இரண்டு வாரம் கூடுதலானது. ஷிப்பிங் பார்க்கும் உறுப்பினர் இதை விளக்கிவிட்டு, "கெடு தப்பினா பையர் ஃப்ளைட்ல போடுங்கிறாருங்க, அந்தச் செலவு நம்ம தலைல" என்றார்.

அன்றே, கப்பல்கள் மீதான ஹூதிகளின் தாக்குதலைக் கண்டித்த ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2722ஆம் தீர்மானத்தையும் படித்தோம். 2024 ஜனவரி 10 அன்று ஆதரவு 11, எதிர்ப்பு இல்லை. ரஷ்யா, சீனா, அல்ஜீரியா, மொசாம்பிக் நான்கும் வாக்களிக்காமல் ஒதுங்கின. தீர்மானத்தைத் தடுக்கும் வீட்டோ அதிகாரம் கையில் இருந்தும் ரஷ்யாவும் சீனாவும் ஏன் அதைப் பயன்படுத்தவில்லை என்று ஒரு மணி நேரம் பேசினோம். கல்யாணத்துக்கு வந்து, மொய்யும் வைக்காமல், சண்டையும் போடாமல் போகும் மாமனைப் போல என்றார் ஒருவர். ஒதுங்கி நிற்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த ஆண்டின் சூடான கூட்டம் ஆகஸ்ட் 18 அன்று நடந்தது. வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா பதவி விலகி, டெல்லிக்குப் பக்கத்தில் ஹிண்டன் விமானத் தளத்தில் வந்து இறங்கி அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அறைக்குள் நுழையும்போதே "அங்க அடைச்சா இங்க ஆர்டர் வருமுங்க" என்ற பேச்சு கேட்டது. சிலர் முகத்தில் சந்தோஷமே தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, அப்போதே சொன்னேன், இங்கேயும் பதிவு செய்கிறேன். 1971 விடுதலைப் போராளிகளின் வாரிசுகளுக்கான 30 சதவீத வேலை ஒதுக்கீட்டை நீதிமன்றம் ஜூனில் திரும்பக் கொண்டுவந்ததில்தான் மாணவர் போராட்டம் தொடங்கியது. ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் அதை 5 சதவீதமாகக் குறைத்தது. அதற்குள் தெருவில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு அது வெறும் ஒதுக்கீட்டுப் பிரச்சினையாக இருக்கவில்லை. 2009 முதல் தொடர்ந்த ஓர் ஆட்சிக்கு எதிரானதாக மாறிவிட்டது.

அப்புறம் ஸ்பின்னிங் மில்லில் கணக்கு பார்க்கும் உறுப்பினர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "அவங்க மெஷின் நின்னா நம்ம நூல யாருங்க வாங்குவா?" அறை அமைதியானது. இந்தியப் பருத்தி நூலுக்குப் பெரிய வாடிக்கை வங்கதேசம்தான். பனியன்காரருக்குப் போட்டியாளர், மில்காரருக்கு வாடிக்கையாளர்! ஒரே நாடு, ஒரே தெருவில் இரண்டு கணக்கு. ஐரோப்பாவில் அவர்கள் துணிக்கு வரி இல்லாததும், நம் துணிக்கு இருப்பதும் ஏன் என்று தொடர்ந்து பேசினோம். மிகவும் வளர்ச்சி குன்றிய நாடுகளுக்கான சலுகை அது. அந்தப் பட்டியலிலிருந்து வங்கதேசம் வெளியேற ஐ.நா. குறித்திருக்கும் நாள் 2026 நவம்பர் 24. இதை நோட்டில் குறித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

இலங்கை அதிபர் தேர்தலில் முதல்முறையாக இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணியது, அமெரிக்கத் தேர்தல் ஆகியவை பற்றியும் கூட்டங்கள் நடந்தன. அமெரிக்கக் கூட்டத்துக்குத்தான் ஆள் அதிகம், படித்துவிட்டு வந்தவர்கள் குறைவு.

கணக்கு: சந்தா வரவு 9,600 ரூபாய். வாடகை, டீ, ஜெராக்ஸ் செலவு 8,150 ரூபாய். கையிருப்பு 1,450 ரூபாய். இதிலிருந்து புது உலக வரைபடம் வாங்க அனுமதி கேட்கிறேன். பழையதைத் தூக்கிப்போட வேண்டாம், பக்கத்திலேயே மாட்டலாம் என்று பொருளாளர் சொல்கிறார். சரி.

இந்த அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தபோதே ஏப்ரல் 2 அன்று டிரம்ப், இந்தியாவுக்கு 26 சதவீதம், வங்கதேசத்துக்கு 37 சதவீதம் என்று வரி அறிவித்தார். ஒரு வாரத்தில் பெரும்பாலான நாடுகளுக்கு அதை 90 நாள் தள்ளியும் வைத்தார். "ஆர்டர் வருமுங்க" மறுபடி கேட்கத் தொடங்கிவிட்டது. ஆகவே புது ஆண்டின் முதல் கூட்டம் இதைப் பற்றித்தான். மில் நண்பர் கட்டாயம் வர வேண்டும். சந்தா பாக்கி வைத்திருக்கும் ஏழு பேரும் அன்றே கட்டிவிட்டால் ஜெராக்ஸ் கடைக்காரர் முகத்தில் நான் விழிக்க முடியும்.

இப்படிக்கு,
செயலாளர்