துரூபதூர் பாடல்களும் பின்னாள் கதைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இடைக்கால ஐரோப்பாவின் அரசவைக் காதல் கவிதை குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை சுவையாக இருந்தது. ஆயினும் அதன் பெரும்பகுதி, துரூபதூர்கள் எனப்பட்ட தென்பிரான்சுக் கவிஞர்களின் பாடல்களை விட்டுவிட்டு, அவர்களைப் பற்றிப் பிற்காலத்தார் கட்டிய கதைகளையே வரலாறாகச் சொல்கிறது.

ஜோஃப்ரே ருடெல் என்ற துரூபதூர், இன்றைய லெபனானிலுள்ள திரிப்போலியின் சீமாட்டியைக் காணாமலே காதலித்து, கடற்பயணத்தில் நோயுற்று, கரை சேர்ந்ததும் அவள் கைகளில் உயிர்விட்டார் என்ற செய்தி, 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு சிறு வாழ்க்கைக் குறிப்பில் வருவது. 12ஆம் நூற்றாண்டின் நடுவில் பாடிய ருடெலின் பாடல்களில் தொலைவிலுள்ள காதலுக்கான ஏக்கம் உண்டு. அந்தச் சீமாட்டியின் பெயர் கிடையாது. பிரான்சுக்கும் பின்னர் இங்கிலாந்துக்கும் அரசியான எலினோர் தலைமையில், காதலர் வழக்குகளுக்குச் சீமாட்டிகள் தீர்ப்புச் சொன்னதாகக் கூறப்படும் 'காதல் நீதிமன்றங்களும்' ஆந்திரேயாஸ் என்ற பாதிரியாரின் இலத்தீன் நூலை நம்பி நிற்பவைதாம். அந்நூலோ பாதி விளையாட்டாக எழுதப்பட்டது.

தோற்றம் பற்றிய பகுதியில், இக்கவிதை அரபு ஸ்பெயினிலிருந்து வந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அக்கருத்து புறந்தள்ளத்தக்கதன்று. அரபு ஸ்பெயினின் கார்டோபா நகரத்து இப்னு ஹஸ்ம் 1022 வாக்கிலேயே காதலைப் பற்றித் தனி நூல் எழுதியிருந்தார். 1064இல் அங்கே முஸ்லிம்கள் வசமிருந்த பர்பாஸ்த்ரோ நகரைக் கைப்பற்றிய படைகளில், தென்மேற்குப் பிரான்சின் அக்கித்தேன் பகுதிக் கோமகன் எட்டாம் வில்லியமும் இருந்தார். அவருடைய மகனாகிய ஒன்பதாம் வில்லியமே (1071–1126), பாடல்கள் நமக்குக் கிடைத்துள்ள முதல் துரூபதூர். எனினும் அக்கித்தேனிலிருந்த லிமோஜ் நகர மடாலயத்தின் இலத்தீன் இசைப்பாடல் மரபும், பெருநிலக்கிழார்களை அண்டி வாழ்ந்த நிலமற்ற வீரர்கள் நிறைந்த அவைச் சூழலும் அதே காலத்தில் அதே மண்ணில் இருந்தவை. இவற்றில் ஒன்றை மட்டும் ஊற்றுக்கண் என்று அடித்துச் சொல்லச் சான்று போதாது. மேலும், பெண்ணை வணங்கும் மரபின் தந்தை எனப்படும் இந்த வில்லியம் பாடியதாகக் கிடைக்கும் 11 பாடல்களில் சில வெறும் கொச்சை வேடிக்கைகள் என்பதையும் வாசகர் அறிவது நல்லது.

கட்டுரையின் பெருங்குறை பெண் கவிஞர்களை அறவே மறந்தது. பெயர் தெரிந்த பெண் துரூபதூர்கள் ஏறத்தாழ இருபது பேர் உள்ளனர். அவர்களுள் தியா சீமாட்டி, தன் அழகும் குலமும் அறிவும் இருந்தும் காதலன் தன்னை வஞ்சித்ததை நேருக்கு நேர் கேட்டுப் பாடிய பாடல் மெட்டுடனேயே கிடைத்திருக்கிறது. எட்டாத உயரத்தில் மௌனமாக நின்ற தலைவியைப் பற்றி ஆண்கள் மட்டுமே பாடினர் என்ற கட்டுரையாளரின் முடிவுக்கு அந்த ஒரு பாடலே போதிய மறுப்பு. கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமானால், அதில் அப்பாடலைத் தமிழாக்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி