இடையோட்டுக்குச் சிவப்பு வேண்டாம்

அன்பு மகன்,

பூமியின் உள்ளே இருக்கிற படைகளைப் பேத்தி கீறின படம், நீ வட்சப்பில் அனுப்பினது, கிடைத்தது. வடிவாகக் கீறியிருக்கிறாள். ஆனால் அதை அப்படியே களியில் செய்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக விடாதே. மேலே புவியோடு, அதற்குக் கீழே இடையோடு, பிறகு வெளிக் கோளவகம், நடுவில் உட்கோளவகம் என்று நாலு படையும் ஒரே தடிப்பு, இடையோடு முழுக்க நெருப்புக் குழம்பு மாதிரிச் சிவப்பு. இரண்டு பிழையும் புத்தகப் படங்களிலேயே கிடக்கிறபடியால் பிள்ளையைக் குறை சொல்ல ஏலாது. போனில் சொன்னால் பாதி மறந்துபோவாய். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கோ.

முதலில் அந்தச் சிவப்பு. புவியோட்டின் அடியிலிருந்து 2890 கிலோமீற்றர் ஆழம் வரைக்கும் இருக்கிற இடையோடு திண்மப் பாறை. ஆயிரக்கணக்கான பாகை சூடு இருக்கிறதுதான், ஆனால் மேலே கிடக்கிற பாறையின் அமுக்கம் அதை உருக விடாது. அமுக்கம் கூடக்கூட உருகுநிலையும் கூடும். எரிமலைக் குழம்பு அப்போ எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்பாள், கேட்கத்தான் வேணும். மேலே எழும்பும் பாறையில் அமுக்கம் குறைகிற இடத்திலும், கடலடித் தட்டு கீழே புதையும்போது அதோடு போகும் நீர் பாறையின் உருகுநிலையை இறக்குகிற இடத்திலும் மட்டும் கொஞ்சம் உருகும். அங்கேயும் முழுப்பாறை உருகாது, ஒரு சிறு பங்குதான். மற்றப்படி இடையோடு திண்மமாகவே இருந்துகொண்டு வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர் வேகத்தில் மெல்ல ஊர்கிறது. கண்டங்களைச் சுமந்த தட்டுகள் அசைவதும் இந்தச் சுற்றோட்டத்தின் ஒரு பகுதிதான்.

ஆகவே அதற்குப் பச்சைக் களி வாங்கு. மேல் இடையோட்டுப் பாறையில் கூடுதலாய் இருப்பது ஒலிவின், அது பச்சைக் கனிமம். 410, 660 கிலோமீற்றர் ஆழங்களில் அது இறுகி வேறு கனிமங்களாக மாறும், அவளுடைய வயதுக்கு அது இப்போ தேவையில்லை. கோளவகம் இரும்பும் நிக்கலும், ஆனபடியால் வெளிக் கோளவகத்துக்குக் கடும் சாம்பல் நிறம், உட்கோளவகத்துக்கு வெளிர் சாம்பல். ஏன் சிவப்பில்லை என்று வகுப்பில் யாரும் கேட்டால் இன்னும் நல்லது.

நிறத்தைவிடப் பெரிய கேள்வி, உள்ளே போகாமல் இதெல்லாம் எப்படித் தெரியும் என்பது. மனிதர் தோண்டிய ஆகக் கூடிய ஆழம் 12,262 மீற்றர். ரஷ்யாவின் கோலாவில் 1970இல் தொடங்கி 1989இல் அந்த ஆழத்தைத் தொட்டார்கள். 100 பாகை அளவில் எதிர்பார்த்த வெப்பம் 180ஆக இருந்தது, பாறை இளகித் துளை மூடப் பார்த்தது, அதற்கு மேல் போக முடியவில்லை. கண்டப் புவியோட்டின் தடிப்பில் அது மூன்றிலொரு பங்குதான். வத்தகப்பழத்தை வெட்டாமல் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரி, நிலநடுக்கம் தட்டுகிறது, கருவிகள் கேட்கின்றன.

இரண்டு வகை அலையை அவளுக்கு வடிவாக விளங்கப்படுத்து. பி அலை நெருக்கி விரித்துப் போவது. திண்மம், திரவம் இரண்டுக்குள்ளாலும் போகும். எஸ் அலை பக்கவாட்டில் அசைத்துப் போவது. திரவத்துக்கு உருவத்தைப் பிடித்து வைக்கும் விறைப்பு இல்லாதபடியால் அதற்குள்ளால் போகாது. இந்த எஸ் அலை 2890 கிலோமீற்றர் ஆழம் வரை நன்றாகப் போய் வருகிறது. இடையோடு திண்மம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அந்த ஆழத்தில் தொடங்கும் வெளிக் கோளவகம் திரவம், அதனால் எஸ் அலை அங்கே நின்றுவிடும், செக்கனுக்குப் 13.7 கிலோமீற்றரில் ஓடின பி அலையும் 8 அளவுக்கு விழுந்து வளையும். அதனால் நிலநடுக்கம் நடந்த இடத்திலிருந்து, பூமியின் மையத்தில் அளக்கும் கோணக் கணக்கில் 104 முதல் 140 பாகை வரையுள்ள வளையத்தில் நேரடிப் பி அலை வந்து சேராது. நிலநடுக்க அலைகளை ஆராய்ந்தவர்களில் ஓல்டாம் 1906இல் கோளவகம் இருக்கிறது என்று காட்டினார், கொஞ்சக் காலத்தில் குட்டன்பேர்க் அதன் ஆழத்தைக் கணித்தார். புவியோட்டின் அடி எல்லையை 1909இல் மொகோரோவிசிச் கண்டார், அங்கே பி அலை 6 அளவிலிருந்து 8 கிலோமீற்றருக்குத் தாவும். எனக்குப் பிடித்தது டென்மார்க்கின் இங்கெ லேமன் என்ற பெண் ஆய்வாளர். 1929 நியூசிலாந்து நிலநடுக்கத்தில், அலையே வரக்கூடாத அந்த வளையத்துக்குள் மெல்லிய பி அலைகள் பதிவாகியிருந்தன. கோளவகத்துக்குள் இன்னொரு எல்லை இருந்து அவற்றைத் திருப்பியிருக்கவேணும் என்று 1936இல் எழுதினார். அதுதான் உட்கோளவகம். மையத்தில் வெப்பம் 5000 பாகைக்கு மேல், ஆனால் அமுக்கம் வளிமண்டலத்தைப் போல் 36 இலட்சம் மடங்கு, அதனால் இரும்பு அங்கே திண்மம்.

எங்கட நாட்டிலும் கண்டிக்குக் கிட்டப் பல்லேகலையில் ஒரு பதிவு நிலையம் இருக்கிறது. 2004 மார்கழி 26 அன்று சுமாத்திராவிலிருந்து கடல் எங்கட கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பாறைக்குள்ளால் பி அலை நாலு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. பின்னால் வந்த மேற்பரப்பு அலையில் இலங்கைத் தரையே 9 சென்ரிமீற்றர் ஏறி இறங்கியது. அலையின் வேகத்தைச் சொல்ல இதைவிட உதாரணம் தேடத் தேவையில்லை.

இனி உருண்டை. 1000 கிலோமீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் என்று வை. உட்கோளவகம் 2.4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டை. அதற்கு மேலே 2.26 சென்ரிமீற்றர் தடிப்பில் வெளிக் கோளவகம், விட்டம் 7க்கு வரும். அதற்கு மேலே 2.85 சென்ரிமீற்றர் பச்சை, முழு விட்டம் 12.7. களி எவ்வளவு தேவை என்றால் உள்ளுக்கு 8 மில்லிலீற்றர், வெளிக் கோளவகத்துக்கு 170, பச்சைக்கு 900. இந்த எண்களைப் பார்த்தால் அவளுக்கே விளங்கும், பூமியின் கனவளவில் 84 வீதமளவு இடையோடுதான், கோளவகம் 16 வீதம். தட்டையான படத்தில் கோளவகம் பரப்பின் 30 வீதத்தைப் பிடிப்பதால் கண் ஏமாறும். திணிவில் மட்டும் அது மூன்றிலொன்று, இரும்பல்லவா.

கோதுமை மாவும் உப்பும் குழைத்துச் செய்யாதே. இந்தத் தடிப்புக்கு வெளிப்பக்கம் காய்ந்து சுருங்க உள்பக்கம் ஈரமாகவே இருக்கும், வெடித்துப்போகும். எண்ணெய்க் களிதான் சரி. நடு உருண்டையைக் குளிர்ப்பெட்டியில் இறுக வைத்துவிட்டு அடுத்த படையைப் போடு, இல்லாவிட்டால் உருட்டும்போது அது ஒரு பக்கம் நழுவும். களியைக் கட்டியாக அப்பாமல் தகடாகத் தட்டிப் பொதி. தடிப்பைப் பார்க்கப் பல்லுக்குச்சி ஒன்றில் அளவைக் கீறி, ஐந்தாறு இடத்தில் குத்திப் பார். முடிந்ததும் திரும்பக் குளிரவைத்து, இறுக்கிப் பிடித்த தங்கூசி நூலால் ஒரே இழுப்பில் வெட்டு. கத்தி பச்சையைச் சாம்பலுக்குள் இழுத்துவிடும்.

புவியோட்டுக்குக் களியே வேண்டாம். கண்டத்துக்குக் கீழே 35 கிலோமீற்றர் என்றால் இந்த அளவில் 0.35 மில்லிமீற்றர், கடதாசி மூன்று நாலு ஒன்றின் மேல் ஒன்று. கடலுக்குக் கீழே 7 கிலோமீற்றர்தான், ஒரு கடதாசியே அதிகம், நிறம் பூசினால் போதும். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல், எங்கட கிணறுகள், அடியே இல்லை என்று சொல்கிற நிலாவரைக் கிணறு எல்லாம் அந்தக் கடதாசியின் மேற்தோலுக்குள் அடங்கும். 100 மீற்றர் ஆழம் இதில் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்திலொன்று. சுண்ணக்கல்லுக்கு அடியில் இருக்கிற பழைய பாறைதான் வன்னிப் பக்கத்தில் வெளியே தெரியும் கருங்கல்.

வெளிக் கோளவகம் திரவம் என்பதை வீட்டிலேயே உணரவைக்கலாம். அந்த இரும்பின் ஓட்டம்தான் பூமியின் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. தையல் ஊசியை ஒற்றை இழை நூலில் கட்டி, கிடையாகத் தொங்கும்வரை முடிச்சை நகர்த்தி, ஒரு துளி மெழுகால் ஒட்டு. பிறகுதான் காந்தத்தின் தென்முனையால் காதிலிருந்து கூர்முனை நோக்கி ஒரே திசையில் முப்பது தரம் தேய். கூர்முனை வடக்கைக் காட்டுவதோடு கீழேயும் சரியும். நீங்கள் இருக்கிற ரொறொன்ரோவில் காந்தப்புலம் ஏறத்தாழ 70 பாகை சரிவாக நிலத்துக்குள் இறங்குகிறது. இங்கே யாழ்ப்பாணம் காந்த மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் சரிவு ஒரு சில பாகைதான், ஊசி கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கும். காந்தமாக்கின பிறகு முடிச்சைச் சமப்படுத்தினால் அந்தச் சரிவை நீங்களே மறைத்துவிடுவீர்கள். முடிச்சு ஊசியின் பாரமையத்துக்குச் சற்று மேலே இருக்கும், அதனால் முழு 70 பாகையும் வராது, அதற்குப் பயப்படாதே. போனையும் இரும்புக் கால் மேசையையும் தள்ளி வை, ஹீற்றர்க் காற்றுப் படாத மூலையில் தொங்கவிடு.

அன்புடன்,
அம்மா