காசு கொடுத்து வாங்கும் டேட்டா யாருக்குப் போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பனில் இன்று ராகு காலம் எத்தனை மணிக்கு என்று பார்க்க ஒரு பஞ்சாங்கத் தளத்தைத் திறந்தால், வேண்டிய இரண்டு வரி கண்ணில் படுவதற்குள் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, மூலையில் தானாக ஓடும் வீடியோ என்று திரை நிறைந்துவிடுகிறது. அந்த இரண்டு வரிக்குச் சில கிலோபைட் போதும். மீதியெல்லாம் நம் கைக்காசு. தென்னாப்பிரிக்காவின் போட்டி ஆணையம் டேட்டா விலை பற்றி 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்த பிறகு, வோடகாம் என்ற செல்போன் நிறுவனம் 30 நாள் 1 ஜிபியின் விலையை 2020 ஏப்ரலில் 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்குக் கொண்டுவந்தது. விலை இறங்கியது நல்லதுதான். ஆனால் வாங்கிய டேட்டாவில் எவ்வளவு விளம்பரத்துக்குப் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. 80 சதவீதம் தீர்ந்தது என்று குறுஞ்செய்தி வந்தால், பேரப்பிள்ளை வீடியோ பார்த்திருப்பான் என்று அவன்மேல் பழி போடுகிறோம்.

விளம்பரமாவது கண்ணுக்குத் தெரிகிறது. நாம் எதைப் பார்க்கிறோம் என்று பின்தொடர்ந்து குறித்துக்கொள்ளும் டிராக்கர் தெரிவதே இல்லை. ஒரு பக்கத்தைத் திறந்ததும் அது வேறு பல சர்வர்களைக் கூப்பிடுகிறது. காலையில் பஞ்சாங்கம், மத்தியானம் சர்க்கரை நோய் மருந்து, ராத்திரி கடன் வட்டி என்று நீங்கள் பார்த்த மூன்று தளத்திலும் ஒரே டிராக்கர் உட்கார்ந்திருந்தால், மூன்றும் ஒரே ஆள் என்று அது முடிச்சுப் போட்டுவிடும். பிரவுசரில் இருக்கும் 'இன்காக்னிடோ' என்ற மறைவு முறை போதும் என்று பலர் நம்புகிறார்கள். அதன் முக்கிய வேலை, நீங்கள் பார்த்த பக்கங்களின் பட்டியல் உங்கள் போனில் தங்காமல் செய்வது. விளம்பரத்தை அது நிறுத்தாது.

இரண்டையும் தடுக்க, பிரவுசரோடு சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் என்ற சிறு துணை நிரல் வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் குரோமில் அதைச் சேர்க்க வழியில்லை. ஆகவே பயர்பாக்ஸ் என்ற பிரவுசரைப் போட்டுக்கொள்வதே நல்ல வழி. அதன் மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதிக்குப் போய் 'யூபிளாக் ஆரிஜின்' என்ற விளம்பரத் தடுப்பானை (பிளாக்கரை) சேர்க்க வேண்டும். பெயர் முழுதாக இதுவேதானா என்று ஒரு தரம் பாருங்கள். இதைப் போலவே பெயர் வைத்த வேறு சரக்குகளும் உண்டு. பிறகு செட்டிங்ஸில் 'என்ஹான்ஸ்டு டிராக்கிங் புரொடெக்‌ஷன்' என்பதை 'ஸ்ட்ரிக்ட்' ஆக்குங்கள். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

டேட்டாவை இன்னும் இறுக்கிப் பிடிக்க நினைப்பவர்கள் யூபிளாக்கின் அமைப்பில், குறிப்பிட்ட கிலோபைட்டுக்கு மேற்பட்ட படம், வீடியோவைத் தடுக்கும் வசதியைப் போடலாம். அதில் முதலில் இருக்கும் அளவு 50 கேபி. பெரிய படங்கள் வெற்றுக் கட்டமாக நிற்கும். வேண்டியதைத் தொட்டால் மட்டும் இறங்கும். பக்கத்திலேயே ரிமோட் பான்ட், அதாவது தளத்திலிருந்து இறங்கும் எழுத்துருவைத் தடுக்கும் வசதியும் இருக்கிறது. தமிழ் படிப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். யூனிகோட் தளங்களுக்குப் போனிலேயே எழுத்துரு இருப்பதால் பிரச்சினை இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஏற்றிய தளங்களில் அந்த எழுத்துரு இறங்காவிட்டால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்து நிற்கும். தளம் கெட்டுவிட்டதென்று நினைக்காமல், அந்த ஒரு தளத்துக்கு மட்டும் தடையை எடுத்துவிடுங்கள். எதையெல்லாம் தடுப்பது என்று சொல்லும் வடிகட்டிப் பட்டியல்களில் ஏதாவது கூடுதலாகத் தேர்ந்தெடுத்தால் 'அப்ளை சேஞ்சஸ்' என்பதை அழுத்த மறக்கக் கூடாது. அழுத்தாமல் வெளியே வந்துவிட்டு, வேலை செய்யவில்லையே என்று தேடுபவர்கள்தான் அதிகம்.

ஐபோனில் எந்த பிரவுசரைப் போட்டாலும் இங்கே உள்ளே ஓடுவது வெப்கிட் என்ற ஆப்பிளின் பிரவுசர் இயந்திரம்தான். அதனால் அங்கே பயர்பாக்ஸில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது. சஃபாரிக்கான 'யூபிளாக் ஆரிஜின் லைட்' ஆப் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கியதோடு வேலை முடியாது. சஃபாரியின் அமைப்பில் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில் அதை ஆன் செய்து, எல்லாத் தளங்களுக்கும் அனுமதி கொடுக்க வேண்டும்.

பிரவுசர் மட்டுமின்றி மற்ற ஆப்களிலும் விளம்பரத்தைக் குறைக்க, ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' இருக்கிறது. ஒரு சர்வரின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தருவதுதான் டிஎன்எஸ். நெட்வொர்க் அமைப்பில் அதைத் திறந்து, முகவரிக் கட்டத்தில் டிஎன்எஸ்.அட்கார்டு-டிஎன்எஸ்.காம் (dns.adguard-dns.com) என்பதை ஆங்கில எழுத்தில் இடைவெளி விடாமல் அடித்துச் சேமிக்க வேண்டும். இது விளம்பர சர்வர்களின் முகவரியையே கண்டுபிடிக்க விடாது. யூடியூப் விளம்பரம் இதில் நிற்காது, ஏனென்றால் வீடியோ வரும் இடத்திலிருந்தே விளம்பரமும் வருகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. மாலிலோ விமான நிலையத்திலோ வைஃபையில் சேரும்போது உள்நுழைவுப் பக்கம் திறக்காமல் போகலாம். அப்போது 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றி, உள்ளே போன பிறகு பழையபடி வைத்துவிடலாம்.

வங்கியில் பணம் கட்டும்போது பக்கம் பாதியில் நின்றால், முதலில் பிளாக்கரைச் சந்தேகப்படுங்கள். வங்கியின் சரிபார்ப்புப் பக்கம் கடையின் பக்கத்துக்குள்ளே திறப்பதால், அதை அந்நியன் என்று ஸ்ட்ரிக்ட் அமைப்பு தடுத்துவிடுவது உண்டு. அந்தத் தளத்துக்கு மட்டும் தடையை அணைத்து, முதலிலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் கழற்றிப் போட வேண்டியதில்லை.

வீட்டுப் பெரியவர்களின் போனில் முதலில் பார்க்க வேண்டியது வேறொன்று. போன் சும்மா கிடக்கும்போதே 'உங்கள் போனில் வைரஸ்', 'பரிசு விழுந்தது' என்று மணியடித்து வருகிறதே, அது பெரும்பாலும் வைரஸ் அல்ல. எப்போதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்டபோது 'அலவ்' தொட்டுவிட்டதன் பலன். குரோமின் செட்டிங்ஸில் அறிவிப்புகள் பகுதியைத் திறந்தால் அனுமதி வாங்கிய தளங்களின் பெயர் வரிசையாகத் தெரியும். தெரியாத பெயரையெல்லாம் நிறுத்திவிட்டு, இனிமேல் எந்தத் தளமும் கேட்கவே முடியாதபடி செய்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் லெனேசியாவிலும் இருக்கும் பிள்ளைகள் இந்த வார இறுதியில் தாத்தா பாட்டியின் போனை வாங்கி இதைச் செய்து தர வேண்டும். பஞ்சாங்கத் தளம் இருக்குமிடம் கேட்டால் மறுத்துவிட்டு, ஊர்ப் பட்டியலில் டர்பனை நாமே தேர்ந்தெடுக்கலாம். ராகு காலம் கணிக்க ஊர் தெரிந்தால் போதும், தெருவும் வீடும் வேண்டாம்.

பாதுகாப்பு தருவதாகச் சொல்லும் எல்லாவற்றையும் நம்பிவிடவும் முடியாது. பிரவுசர் எக்ஸ்டென்ஷன் வழியாகவும் வைரஸ் தடுப்பு மென்பொருள் வழியாகவும் சேர்த்த விவரங்களை விற்றதற்காக, அவாஸ்ட் நிறுவனம் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2024இல் உத்தரவிட்டது. தனிப்பட்ட விவரங்களைப் பாதுகாக்கும் நம் நாட்டின் போபியா சட்டம், இணையத்தில் ஒருவரை அடையாளம் காட்டும் குறியீட்டையும் தனிப்பட்ட விவரம் என்றே சொல்கிறது. 2021 ஜூலை முதல் அது முழுமையாக அமலில் இருக்கிறது. ஒப்புதல் இல்லாமல் விளம்பரச் செய்தி அனுப்புபவர்கள்மீது தகவல் ஒழுங்காணையத்திடம் புகார் கொடுக்கலாம்.

கடைசியாக, உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். உள்ளூர் விளம்பரம் இல்லாமல் தமிழ்ப் பத்திரிகை நடக்காது என்பது எங்களுக்குத் தெரியும். நகைக்கடை விளம்பரமோ கோயில் காவடி அறிவிப்போ எங்களுக்குத் தொல்லை இல்லை. அவற்றை உங்கள் சர்வரிலிருந்தே, டிராக்கர் எதுவும் இல்லாமல், நூறு கேபிக்குள் அடங்கும் சாதாரணப் படமாக இணையப் பக்கத்தில் போடுங்கள். போட்டதும் அச்சுப் பத்திரிகையில் ஒரு வரி தெரிவித்தால், உங்கள் தளத்துக்குத் தடையை எடுத்துவிடும்படி தெரிந்த வாசகர்கள் எல்லோரிடமும் சொல்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்